பத்து லட்சம் வரிகள், பதினான்கு சாதனைகள்

தாம்பரம் பக்கம் மொட்டைமாடியில் சின்ன வானிலைக் கருவி ஒன்றை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கருவி நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போகிறது: தேதி, நேரம், வெப்பநிலை, ஈரப்பதம், நள்ளிரவிலிருந்து பெய்த மழை. இரண்டு வருடம் ஓடிவிட்டது. எக்செல்லில் திறந்தால் கடைசி இரண்டு நாளைக் காணோம். லினக்ஸில் 'சார்ட்' (sort) கட்டளை கொடுத்து வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறார். உச்ச வெப்பநிலை சரியாக வந்தது. உச்ச மழை மட்டும் 99.6 மி.மீ. என்கிறது. "அன்றைக்கு 112 தாண்டியதை நானே பார்த்தேன் சார். கருவி பொய் சொல்கிறதா, கணினி பொய் சொல்கிறதா?"

இரண்டும் இல்லை. முதலில் எக்செல் கதையை முடித்துவிடுவோம். வருடத்துக்கு 5,25,600 நிமிடங்கள். இரண்டு வருடத்துக்கு 10,51,200. எக்செல் தாளில் இருப்பதோ 10,48,576 வரிசைகள். மிச்சம் 2,624 வரிகளுக்கு இடமில்லை. அதுதான் அந்தக் கடைசி இரண்டு நாள், துல்லியமாகச் சொன்னால் இரண்டுக்குச் சற்றுக் குறைவு.

இப்போது 99.6. ஏதும் சொல்லாமல் விட்டால் சார்ட் எண்களை எண்களாகப் பார்ப்பதில்லை, எழுத்துகளாகப் பார்க்கிறது. அகராதியில் சொல் எத்தனை நீளம் என்று யாரும் பார்ப்பதில்லை அல்லவா, முதல் எழுத்து எது என்றுதான் பார்க்கிறோம். அதேபோல 112.4-இன் முதல் எழுத்து 1. 99.6-இன் முதல் எழுத்து 9. ஆட்டம் அங்கேயே முடிந்தது. வெப்பநிலை ஏன் சரியாக வந்தது? சென்னைப் பக்கம் அது 10-க்கும் 50-க்கும் நடுவே, எப்போதும் புள்ளிக்கு முன் இரண்டு இலக்கமாகவே இருக்கிறது. எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் அகராதி வரிசையும் எண் வரிசையும் ஒன்றுதான். நண்பர் வெப்பநிலையோடு நிறுத்தியிருந்தால் பிழை இருப்பதே தெரிந்திருக்காது. சார்ட்டுக்கு 'மைனஸ் என்' (-n) என்று ஒரு குறிப்புக் கொடுத்தால் போதும், எண்ணாக வாசிக்கும்.

ஆனாலும் உச்சம் ஒன்றைக் கண்டுபிடிக்க மொத்த ஃபைலையும் வரிசைப்படுத்துவது, வகுப்பில் உயரமான பையன் யார் என்று தெரிந்துகொள்ள எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்துவது மாதிரி. பத்து லட்சம் வரியை அடுக்க ஏறக்குறைய 2 கோடி ஒப்பீடுகள் ஆகும். உச்சத்தை மட்டும் காண அதில் இருபதில் ஒரு பங்கு போதும். நாக்-அவுட் கபடியில் 64 அணிகள் என்றால் 63 ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வெளியே போகிறார், கடைசியில் ஒருவர் மிஞ்சுகிறார். அதற்குக் குறைவாக முடிக்கவும் முடியாது.

இந்த வேலைக்கு ஷெல்லில், அதாவது லினக்ஸ் கட்டளைகளைத் தட்டும் இடத்தில், நான் கூப்பிடுவது 'ஆக்' (awk). ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் என்ற மூவர் 1977-இல் பெல் ஆய்வகத்தில் எழுதியது; மூவரின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர். (பாஷ் என்ற பரவலான ஷெல்லின் சொந்தக் கணக்கு முழு எண்ணோடு நின்றுவிடும். 38.4 என்று கொடுத்தால் பிழை என்று கத்தும்.) ஆக் ஃபைலை ஒரு வரி, ஒரு வரியாகப் படிக்கும். நாம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: முதல் வரியின் எண்ணை உச்சம் என்று வைத்துக்கொள், அடுத்த வரியில் அதைவிடப் பெரியது வந்தால் அதை வைத்துக்கொள், முடிந்ததும் கையில் இருப்பதைச் சொல். ஃபைல் எவ்வளவு பெரிதானாலும் நினைவில் இருப்பது ஒரே எண். குறைந்தபட்சம் வேண்டுமானால் இன்னோர் எண்.

'முதல் வரியின் எண்ணை' என்று சொன்னது சும்மா இல்லை. பூஜ்யத்தில் தொடங்கினால் என்ன என்று நான் ஒருமுறை சோம்பலில் தொடங்கினேன். 10 டிகிரிக்குக் கீழே போகாத ஊருக்குக் குறைந்தபட்ச வெப்பநிலை 0 என்று அறிக்கை எழுதிவிட்டேன். அதேபோல முதல் வரி தலைப்பாக இருந்தால் இன்னும் வேடிக்கை. 'மழை' என்ற சொல்லை ஆக் முதல் உச்சமாக வைத்துக்கொள்ளும். அப்புறம் வரும் எண்களையெல்லாம் அந்தச் சொல்லோடு எழுத்தாக ஒப்பிடும். கணினி வரிசையில் இலக்கங்கள் தமிழ் எழுத்துக்கு முன்னால் வருவதால் எந்த எண்ணும் ஜெயிக்காது. உச்ச மழை எவ்வளவு? மழை! ஆகவே தலைப்பைத் தாண்டி இரண்டாம் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவி சில நிமிடம் வெப்பநிலையை எழுதாமல் விட்டிருந்தால் இன்னொரு கூத்து. இடைவெளியால் பிரித்த ஃபைல் என்றால் ஈரப்பதம் ஒரு கட்டம் நகர்ந்து வெப்பநிலை இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், உச்சம் 97 டிகிரி என்று வரும். சென்னையில் 2003 மே கடைசியில் பதிவான 45 டிகிரியை வைத்துப் பார்த்தாலே இது நடக்காத கதை என்று தெரியும். உச்சமும் தாழ்வும் வந்ததும் அந்த வரியை எடுத்து முழுதாக ஒருமுறை படித்துவிடுங்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் உச்சம் எத்தனை முறை மாறும்? பத்து லட்சம் எண்கள், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை, நன்றாகக் கலைத்துப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் முறை? லட்சம் முறை? சராசரியாகப் பதினான்கே முறைதான்.

நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? முதல் எண் தானாகவே சாதனை, அதாவது அதுவரை வந்ததில் பெரியது. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கப் பாதி வாய்ப்பு. மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: இதுவரை வந்த மூன்றில் பெரியது எந்த இடத்திலும் இருந்திருக்கலாம், கடைசி இடத்தில் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. நூறாவது வரி சாதனையாக வாய்ப்பு நூறில் ஒன்று. லட்சமாவது வரிக்கு லட்சத்தில் ஒன்று. ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால் என்று பத்து லட்சம் வரை கூட்டினால் 14.4. நூறு வரிக்கு 5.2. ஒரு கோடி வரிக்குக்கூட 16.7 மட்டுமே. எண்கள் மழையா, மதிப்பெண்ணா, தக்காளி விலையா என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. வரிசை கலைந்திருந்தால் போதும்.

இதைத் திருப்பிப் பிடித்தால் துப்பறியும் கருவி ஆகிவிடும். சாதனைகள் இந்தக் கணக்கைவிட அடிக்கடி வந்தால் வரிசை கலைந்ததில்லை, எண்கள் ஒரு திசையில் ஏறிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். நாசாவின் உலக வெப்பநிலைப் பட்டியல் 1880-இல் தொடங்குகிறது. 2014, 2015, 2016 மூன்றுமே அடுத்தடுத்துப் புதிய உச்சம். வருடங்கள் ஒன்றையொன்று சாராமல் சீட்டுக் குலுக்கியது போல் இருந்தால் இதற்கு வாய்ப்பு 135, 136, 137 மூன்றையும் பெருக்கினால் வருகிற 25 லட்சத்தில் ஒன்று. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோவின் தாக்கம் ஒரு வருடத்திலிருந்து அடுத்ததற்கு ஓரளவு தொடரும் என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள்; அப்போதும் குலுக்கல் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அதேசமயம், ஐந்து வருடத்துக்கு முன் நட்ட மழைமானியில் 'வரலாறு காணாத மழை' என்று செய்தி வந்தால் நான் பரபரப்பதில்லை. ஐந்தாவது வருடம் சாதனையாக ஐந்தில் ஒரு வாய்ப்பு எப்படியும் இருக்கிறது. வரலாறு என்று சொல்ல வரிகள் வேண்டும். மதராஸ் வானாய்வகம் 1792-இல் அமைந்தது. அந்தக் காலத்திலிருந்து யாரோ ஒருவர் தினமும் போய்ப் பார்த்து எழுதிய அலுப்பூட்டும் எண்களால்தான் இன்று சாதனை என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. புதிய செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பத்தில் ஒன்றுகூட பழைய மழைமானியைப் பராமரிக்கும் ஆளின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். பஞ்சாங்கம் இந்த வருடம் இத்தனை மரக்கால் மழை என்று சொல்கிறது. எந்த ஊரில், எந்த நாளில் என்று கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிகூட இல்லை.

நண்பருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உச்சம் மாறும்போதெல்லாம் ஒன்று கூட்டிக்கொள்ளும்படி ஆக்கிடம் சொல்லி வெப்பநிலைப் பத்தியை அப்படியே ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு 'ஷஃப்' (shuf) கட்டளையால் வரிகளைக் கலைத்து மறுபடி ஓட்டுங்கள். ஃபைல் ஜனவரியில் தொடங்கியிருந்தால் முதல் எண்ணிக்கை மே மாத வெயில் வரைக்கும் ஏறிக்கொண்டே போயிருக்கும். கலைத்ததில் பதினான்கைவிடவும் குறைவாகவே வரும். கருவி ஒரு தசம இடத்தோடு நிறுத்திவிடுவதால் ஒரே எண் ஆயிரம் முறை திரும்ப வருகிறது, சமன் செய்வது சாதனை ஆகாது.