கல்லீரலில் சாதாரண கட்டி: எது புற்றாக மாறும்?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரலில் கட்டி' என்று வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த வகை என்பதே. அளவெல்லாம் பிறகுதான். கல்லீரல் நலமாக உள்ளவர்களிடம் தற்செயலாகத் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக்குழாய்க் கட்டி. அடுத்தது ஃபோக்கல் நோடுலர் ஹைபர்பிளேசியா, அதாவது கல்லீரல் திசு ஓரிடத்தில் மிகையாக வளர்ந்த முடிச்சு. இவை இரண்டும் புற்றாக மாறுவதில்லை. தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிய நிலை, உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களிடம் புதிதாக எந்த முடிச்சு தெரிந்தாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும்.

கவனிக்க வேண்டியது அடினோமா. கல்லீரல் செல்களே பெருகி உண்டாகும் அரிய கட்டி இது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்த பெண்களிடம் அதிகம் வரும். இந்தத் தொடர்பு 1973-லேயே தெரியவந்தது. உடல் பருமனும், உடற்பயிற்சிக்கூடங்களில் சிலர் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டும் மற்ற காரணங்கள். நூற்றுக்கு நான்கைந்து அடினோமாக்கள் புற்றாகின்றன. ஆனால் எல்லா அடினோமாவுக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை.

வேறுபாடு மரபணுவில் இருக்கிறது. பீட்டா-கேட்டினின் என்ற புரதம் தேவைக்கு மேல் சேர்ந்தால், செல் அதற்கு பாஸ்பேட் அடையாளமிட்டு அழித்துவிடும். அந்த அடையாளம் ஒட்டும் இடத்தைக் குறிக்கும் மரபணுப் பகுதி எக்சான் 3. அங்கே பிறழ்வு வந்தால் புரதம் அழியாமல் உட்கருவுக்குள் குவிந்து, பெருக்கத்துக்கான மரபணுக்களை ஓயாமல் இயக்குகிறது. பின்னர் டெர்ட் மரபணுவின் இயக்கப் பகுதியிலும் பிறழ்வு சேர்ந்தால், செல்லின் முதுமையும் நின்று புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பீட்டா-கேட்டினின் மரபணுவின் எக்சான் 7, 8-இல் வரும் பிறழ்வுக்கு இந்த ஆபத்து இல்லை. எச்என்எஃப்1ஏ மரபணு செயலிழந்த வகையிலும் ஆபத்து மிகக் குறைவு.

எம்ஆர்ஐ-யில் ஒரு பொறி உண்டு. கடாக்ஸெட்டேட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில், ஹைபர்பிளேசியா மருந்தைப் பிடித்துவைத்து வெளுப்பாகத் தெரியும். பெரும்பாலான அடினோமாக்கள் கருமையாகத் தெரியும். பீட்டா-கேட்டினின் வகையோ சில சமயம் வெளுப்பாகவே நிற்கும். மிக ஆபத்தான கட்டி தீங்கற்றதைப் போலத் தோற்றம் காட்டுவது இங்கேதான். சந்தேகம் இருந்தால் பயாப்சி எடுத்து, பீட்டா-கேட்டினின் வகையா என்று அறிய, குளூட்டமின் சின்தடேஸ் என்ற நொதியைக் காட்டும் சாயம் கட்டி முழுதும் அழுத்தமாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற கல்லீரல் புற்றுக் குறியீட்டின் அளவு இயல்பாக இருப்பதை மட்டும் வைத்துத் திருப்தி அடைய முடியாது.

ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்படி, ஆணுக்கு அடினோமா என்றால் அளவு எதுவானாலும் அகற்ற வேண்டும். பீட்டா-கேட்டினின் பிறழ்வு இருந்தால் பெண்ணுக்கும் அப்படியே. மற்றப் பெண்கள் மாத்திரையை நிறுத்தி, எடையைக் குறைத்து, 6 மாதம் கழித்து மீண்டும் எம்ஆர்ஐ எடுக்கலாம். பல கட்டிகள் இதிலேயே சுருங்குகின்றன. அதன் பிறகும் 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, விட்டத்தில் 20% வளர்ந்திருந்தாலோ அறுவை சிகிச்சைதான். பெரிய அடினோமாவில் புற்றைவிட அடிக்கடி வரும் சிக்கல் ரத்தக்கசிவு. வலப்புற மேல்வயிற்றில் திடீரென்று கடும் வலியும் மயக்கமும் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே முதலில் ரத்தநாளத்தை எம்போலைசேஷன் மூலம் அடைத்துக் கசிவை நிறுத்துவார்கள். கட்டியை எடுப்பதைப் பற்றிப் பிறகு முடிவெடுப்பார்கள்.