லிட்மஸுக்கு நேர்மாறான பூ

கோடையில் பெரிய சோலைத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வசந்தத்தில் பூத்தவை முடிந்திருக்கும். மரங்கள் தழைத்து வெளிச்சத்தை அடைத்திருக்கும். அந்த அரைநிழலில் பந்து பந்தாகப் பூத்து நிற்பது ஹைட்ரேஞ்சியா. பாதையோரம் ஒரே ரகம்தான், ஆனால் மரத்தடியில் நீலம், பழைய சுவரோரம் இளஞ்சிவப்பு. சில புதர்களில் இரண்டும் உண்டு.

மண் அமிலமாக இருந்தால் நீலம், காரமாக இருந்தால் சிவப்பு என்பார்கள் தோட்டக்காரர்கள். சரிதான். ஆனால் பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பூ மட்டும் ஏன் தலைகீழ்?

நிறத்தை மாற்றுவது அமிலம் அல்ல, அலுமினியம். இரண்டு நிறப் பூவிலும் இருப்பது ஒரே நிறமி: டெல்ஃபினிடின் வகை அந்தோசயனின். அலுமினியம் இல்லாதபோது அது சிவப்பு. அலுமினிய அயனி அதைப் பற்றிக்கொண்டு, கூடவே நிறமற்ற ஒரு துணைச் சேர்மமும் ஒட்டிக்கொண்டால் நீலம்.

மண்ணில் அலுமினியத்துக்குப் பஞ்சமில்லை. புவியோட்டில் ஆக்சிஜன், சிலிக்கானுக்கு அடுத்து அதிகம் இருப்பது அதுதான். ஆனால் அது தாதுக்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மண்ணின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால்தான் போதுமான அளவு கரைந்து வேருக்குக் கிடைக்கும். 6.5-ஐத் தாண்டினால் அநேகமாகக் கிடைக்காது. இடைப்பட்ட மண்ணில் ஊதா. சுவரோரச் செடிகள் சிவப்பதும் இதனால்தான்: காரையிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுகிறது.

எனக்கு இதைவிட ஆச்சரியம் வேறொன்று. கரைந்த அலுமினியம் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சு. வேர் நுனி வளராமல் முடங்கிப்போகும். ஹைட்ரேஞ்சியாவோ அதை உறிஞ்சி, இலைகளில் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்துச் சாதுவாக்கி வைத்துக்கொள்கிறது.

நீலம் வேண்டுமென்று வேரடியில் துருப்பிடித்த ஆணியைப் புதைப்பவர்கள் உண்டு. பாவம், இரும்புக்கு இதில் வேலையே இல்லை. படிகாரக் கரைசல் பலன் தரும், அதில் அலுமினியம் இருக்கிறதே. அதுவும் விரிந்த பூவை மாற்றாது; அடுத்த பருவத்துப் பூவுக்குத்தான். பாஸ்பரஸ் உரம் அதிகமானால் அது அலுமினியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நீலம் வராது. வெள்ளை ரகங்களிடம் எதுவும் எடுபடாது, மாறுவதற்கு அங்கே நிறமியே இல்லை.

அப்புறம், நாம் இதழ் என்று நினைப்பவை இதழ்களே அல்ல, பெரிதாகிப்போன புல்லி இதழ்கள், அதாவது மற்ற பூக்களில் அடியில் பச்சையாக இருக்குமே, அவை. தட்டையான கொத்துள்ள ரகங்களில் நடுவே மணிமணியாக இருப்பவைதான் விதை தரும் பூக்கள்.

சரி, ஒரே புதரில் இரண்டு நிறம்? வேர்கள் எல்லாம் ஒரே மண்ணில் இருப்பதில்லை. ஒரு பக்கத்து வேர் சுவரடிக் காரைக்குள்ளும் மறுபக்கத்து வேர் அமில மண்ணுக்குள்ளும் போயிருந்தால், எல்லாக் கிளைக்கும் ஒரே அளவு அலுமினியம் போய்ச் சேராது.