கேம்பஸ் – வளாகம்: சொல் விளக்கம்

கட்டடங்கள், மரத்தடி, மைதானம், விடுதி என்று ஒரு கல்லூரிக்குச் சொந்தமான இடம் முழுவதையும் கேம்பஸ் என்கிறோம். இலங்கைத் தமிழர் பேச்சில் பல்கலைக்கழகத்துக்கே ‘கம்பஸ்’ என்றுதான் பெயர்.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே அதற்கு வெட்டவெளி, சமநிலம் என்று பொருள். பழைய ரோமில் படைப்பயிற்சியும் தேர்தலும் நடந்த திடலுக்கு ‘காம்புஸ் மார்ட்டியுஸ்’ என்று பெயர். கேம்ப், சாம்பியன் ஆகியவையும் இதன் வழி வந்தவையே. நம் ஊர் ‘காம்பவுண்ட்’ பார்வைக்குப் பங்காளி போல இருந்தாலும் உறவில்லை. அது மலாய் மொழியின் ‘கம்போங்’ என்பதிலிருந்து வந்ததாகப் பலர் கருதுகிறார்கள்.

கல்லூரிக்கு இந்தச் சொல் வந்தது அமெரிக்காவில். இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1896 வரை நியூஜெர்சி கல்லூரி. 1774 தொடக்கத்தில், தேயிலை வரிக்கு எதிரான கொந்தளிப்பு நடந்தபோது, கல்லூரிப் பண்டகக் காப்பாளர் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த தேயிலையை அங்கே மாணவர்கள் தூக்கிவந்து ‘கேம்பஸில்’ தீ மூட்டி எரித்தார்கள், மணியும் அடித்தார்கள். ஒரு மாணவர் அதைக் கடிதத்தில் எழுதினார். கல்லூரி தொடர்பாகக் கிடைக்கும் மிகப் பழைய பயன்பாடு இதுதான். அவர் சொன்னது கட்டடத்துக்கு முன்னால் கிடந்த வெறும் புல்வெளியை. அதுவரை கல்லூரி நிலத்துக்கு ‘யார்டு’ என்றே பெயர். ஹார்வர்டில் அந்தப் பெயர் இன்னமும் நிற்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் மற்றக் கல்லூரிகளுக்கும் சொல் பரவியது; பொருளும் விரிந்தது. காரணம், மாணவர்கள் அங்கேயே தங்கிப் படித்தது. பிரின்ஸ்டனையே பாருங்கள்: 1769, 1770-இல் தொடங்கிய விக், கிளியோசோபிக் என்ற இரண்டு மாணவர் மன்றங்கள் விவாதம், சொற்பொழிவு என்று ஒன்றோடொன்று போட்டிபோட்டன. தனித்தனி நூலகம்கூட வைத்திருந்தன. வகுப்பறைக்கு வெளியே இப்படி ஒரு வாழ்க்கை வளர்ந்ததும், நிலத்தின் பெயர் அந்த வாழ்க்கைக்கும் ஆகிவந்தது.

சரி, தமிழில்? ‘வளாகம்’ என்று எழுதுகிறோம். புதிதாக உருவாக்கிய கலைச்சொல் என்று பலர் நினைப்பது தவறு. “தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி” என்கிறது புறநானூறு (189). கடல் சூழ்ந்த உலகம் முழுவதையும் தனக்கே உரியதாக ஆள்கிற வேந்தனைப் பற்றிய பேச்சு அது. வளைத்தல் என்பதோடு சேர்ந்த சொல். சூழப்பட்ட இடம் என்பது பொருள். யாழ்ப்பாணத்தில் வீடும் தோட்டமும் சேர்ந்த நிலத்தை ‘வளவு’ என்பதும் இந்தக் குடும்பம்தான். லத்தீன்காரர் திறந்த வெளியைப் பார்த்துப் பெயரிட்டார். நாம் சுற்றியுள்ள எல்லையைப் பார்த்துப் பெயரிட்டோம்.

வளாகம் ஒரு நிறுவனத்தின் பெயராகவே ஆனதும் உண்டு. 1974-இல் தொடங்கியது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம். இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அதன் வளர்ச்சி. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு அதில் இணைந்தது. அதே வட்டுக்கோட்டையில்தான் 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் உறைவிடக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்.

இடத்தைக் குறிக்க வளாகம் போதும்: கல்லூரி வளாகம், வளாகத்துக்குள் வாகனம் கூடாது. நீதிமன்றத்துக்கும் கோயிலுக்கும் அதே சொல் வருவதால், முன்னால் ‘கல்லூரி’ சேர்ப்பது நல்லது. ஆனால் ‘கேம்பஸ் லைஃப்’ என்பதை ‘வளாக வாழ்க்கை’ என்று எழுதினால் ஏதோ காவலாளியின் கதை போல ஒலிக்கிறது. ‘கல்லூரி வாழ்க்கை’ என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறோமே, அதையே எழுதலாம். கேம்பஸ் இண்டர்வியூவுக்கு மட்டும் ‘வளாக நேர்காணல்’ ஓரளவு பழகிவிட்டது. அது நிலைக்கட்டும்.