நுவரெலியாக் குளிரில் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி

நான்காம் நாள் காலையில் தொட்டித் தண்ணீர் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. இரண்டு கோமாளி மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்று இரவு ஒன்று செத்தது, மறுநாள் விடியும்போது மற்றது. இறாலும் நான்கு கடல் நத்தைகளும் அதற்கு முன்பே போய்விட்டன. "அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தப்பதான் விட்டேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல" என்றான் என் சித்தப்பா மகன், நுவரெலியாவிலிருந்து போனில். ஆறு மாதம் காசு சேர்த்து வாங்கிய 100 லீட்டர் தொட்டி அது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

போனதும் தண்ணீரை ஒரு தம்ளரில் மொண்டு மேசையில் வைத்தேன். கலங்கல் எல்லாம் ஒன்று இல்லை என்பதால் முதலில் இதைச் செய்வது நல்லது. ஒரு நிமிடத்தில் தெளிந்தால் அது பம்ப் கிளப்பிய நுண்குமிழி. இரவு முழுக்க வைத்தபின் அடியில் வெண்தூள் படிந்தால் கழுவாமல் போட்ட மணலின் தூசாக இருக்கலாம், இல்லாவிட்டால் கடல்நீர் செய்யக் கடையில் விற்கும் உப்புக் கலவையிலிருந்து பிரிந்த கல்சியம் காபனேற்றாக இருக்கலாம். உப்பை வாளியில் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் இப்படிப் பிரியும். தண்ணீரை எடுத்துக்கொண்டு, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். பச்சையாக இருந்தால் பாசி. மறுநாளும் படியாமல் அதே வெள்ளையாக நின்றால் அது உயிருள்ள கலங்கல், கோடிக்கணக்கான பக்டீரியா. தம்பியின் தம்ளர் அப்படித்தான் நின்றது.

இந்தப் பக்டீரியாவுக்குச் சாப்பாடு மீன் தின்னாமல் விட்ட தீனி, செத்த நத்தை, மீன் கழிவு. சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால் இவை ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகும். மணிக்கு ஒரு முறை என்றே வைத்துக்கொண்டாலும், தடையில்லாமல் பெருகினால் ஒரே நாளில் ஒன்று ஒரு கோடியே அறுபது இலட்சத்தைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளை இதுதான். இவை மீனைக் கடிப்பதில்லை, பெரும்பாலும் நோயும் தருவதில்லை. ஆனால் மீனுக்கு வேண்டிய ஒட்சிசனைத் தாங்களும் எடுத்துக்கொள்கின்றன. புரதத்தைச் சிதைத்து அமோனியாவையும் வெளியே விடுகின்றன.

அமோனியாவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீன் தீனியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் இருக்கும். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைதரசன். அதில் பெரும்பகுதியை மீன் செவுள் வழியாக அமோனியாவாக விட்டுவிடும். அப்படியென்றால் ஒரு கிராம் தீனி 100 லீட்டர் தண்ணீரில் லீட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா நைதரசனைச் சேர்க்கிறது. தம்பி ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று விரலால் அள்ளிப் போட்டிருக்கிறான். பாசத்தில் போட்டதுதான். அமோனியா சோதித்தபோது சோதனைக் குழாயில் திரவம் கரும்பச்சையாக மாறியது. அட்டையில் ஒப்பிட்டால் லீட்டருக்கு 2 மில்லிகிராம்.

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் பெற்ற அமோனியம், அது அவ்வளவு ஆபத்தில்லை. மற்றது வெறும் அமோனியா, செவுளைத் தாண்டி உள்ளே போகக்கூடியது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியஸில், பிஎச் 7 உள்ள நன்னீரில் நச்சு வடிவம் 200இல் ஒரு பங்குதான். கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்கும், அங்கே அது 100இல் ஆறேழு பங்கு. அதே 2 மில்லிகிராம் ஒரு நன்னீர்க் கப்பி மீன் தொட்டியில் பத்து மடங்குக்கும் மேல் லேசாகப் போயிருக்கும்.

சரி, கடலில் மட்டும் இது சேராமல் போவது ஏன்? அமோனியாவைத் தின்று வாழும் உயிர்கள் அங்கே மணலிலும் பாறையிலும் தண்ணீரிலும் இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக்கும், இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். கடைசியில் வரும் நைத்திரேற்றை மீன் ஓரளவு தாங்கும். இப்படி வாழும் பக்டீரியாவை ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890இல் பிரித்துக் காட்டினார். நூற்றாண்டுக்கும் மேலாக எல்லாரும் அமோனியா வேலை பக்டீரியாவுக்கு மட்டுமே உரியது என்று எண்ணியிருந்தார்கள். 2005இல் ஆர்க்கியா என்ற வேறோர் உயிர்க்குலத்தைச் சேர்ந்த ஒன்றும் அதே வேலையைச் செய்வது தெரியவந்தது. நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்ற அந்த உயிர் ஆழ்கடலில் பிடிபடவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் மீன் காட்சியகத்தில் ஒரு வெப்பமண்டலத் தொட்டியின் சரளைக்கல்லில் இருந்தது! இன்று அதன் உறவுகள் கடல் முழுக்க நிறைந்திருப்பது தெரியும். வீட்டுத் தொட்டியின் அடிக்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இந்த நல்ல கூட்டத்தின் குறை ஒன்றுதான், மெதுவாகப் பெருகும். இரண்டு மடங்காக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கலங்கல் பக்டீரியா கோடியைத் தாண்டும் நேரத்தில் இவை ஒன்றிலிருந்து இரண்டாகியிருக்கும். அதனால்தான் புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் அமோனியா ஏறுகிறது. தம்பி பார்த்த அந்தத் தெளிவான தண்ணீரில் அழுக்கைத் தின்ன ஆளே இல்லை.

மலைநாட்டில் இது இன்னும் மெதுவாகும். நம் வீடுகளில் தோசை மா புளிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். கொழும்பில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும் மா, நுவரெலியாவில் அரைத்தபடியே இருக்கும். அம்மா சட்டியைத் துணியால் சுற்றி அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைப்பார். தொட்டிக்கும் அதே கதைதான். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இந்த நுண்ணுயிர்களின் வேலை ஏறத்தாழ பாதியாகும். பவளப்பாறை மீன்களுக்கு 25 பாகை அளவு வேண்டும். தம்பியிடம் ஹீட்டர் இருந்தது, ஆனால் கரண்ட் பில்லை நினைத்து இரவில் நிறுத்திவிடுவானாம். மீனுக்கு வெப்பத்தின் ஏற்ற இறக்கம், பக்டீரியாவுக்கு ஆமை வேகம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒட்சிசன்தான். தண்ணீர் எவ்வளவு ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் என்பதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: வெப்பம், உப்பு, காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 25 பாகை நன்னீர் லீட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை பிடிக்கும். அதில் கடலளவு உப்பைக் கரைத்தால் 6.8க்கு இறங்கும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே அதே உப்புத் தண்ணீர் அங்கே 5.4 அளவோடு நின்றுவிடும். ஹோர்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளையர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன்கள் இன்னும் உயரத்தில் வாழவில்லையா என்று கேட்கலாம். அந்த ஓடை குளிர்ந்த நன்னீர், கல்லில் மோதி நுரைத்து ஓடுவது. நாமோ சூடாக்கி, உப்புப் போட்டு, மூடி போட்டு வைக்கிறோம். கையிருப்பே குறைவான இடத்தில் கோடிக்கணக்கான பக்டீரியா பங்குக்கு வந்தால் மீன் மேலே வந்துதான் மூச்சு வாங்கும். கரண்ட் போய் பம்ப் நின்ற இரவில் அதுவும் போதாது. மலைநாட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் மீன் வாங்குவதற்கு முன்பே பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உப்பிலும் ஒரு பிழை இருந்தது. முதலில் அவன் பாதி சமையல் உப்பு, பாதி கடைக் கலவை என்று கலந்திருக்கிறான். புத்தளத்திலோ ஆனையிறவிலோ ஹம்பாந்தோட்டையிலோ விளைவதும் கடல் உப்புத்தானே என்பது அவன் நியாயம். உப்பளத்தில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் கல்சியம் காபனேற்று பிரியும், அப்புறம் ஜிப்சம், அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைட். மக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும், அதை வடித்துவிடுவார்கள். ஒரு கிலோ கடல்நீரில் 1.3 கிராம் மக்னீசியமும் 0.4 கிராம் கல்சியமும் இருக்கும். உப்பளத்து உப்பைக் கரைத்தால் அவை திரும்பி வரா. மிதவை உப்புமானியும் அவனை ஏமாற்றியிருக்கிறது. அது 25 பாகைக்கு அளவிட்டது. காலைக் குளிரில் 15 பாகைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், நீர் அடர்ந்திருப்பதால் அடர்த்தி எண்ணை 1.026க்குப் பதில் 1.028, 1.029 என்று காட்டும். உப்புக் கூடிவிட்டது என்று அவன் நன்னீர் ஊற்றியிருக்கிறான். மீனுக்கு எவ்வளவு அலைச்சல்!

நத்தையும் இறாலும் முதலில் செத்தது வேறொரு சந்தேகத்தைக் கிளப்பியது. வீட்டுக்கு வருவது பீலித் தண்ணீர், தேயிலை மலைக்குக் கீழே ஊறுவது. இலங்கைத் தேயிலையில் கொப்புள நோய் 1946இல் வந்தது. அதைத் தடுக்கச் செப்பு கலந்த மருந்துகளை அடிக்கிறார்கள். மீன் தாங்கும் செப்பு அளவை முதுகெலும்பில்லாத உயிர்கள் தாங்கமாட்டா. அந்தப் பீலியில் செப்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை, எங்களிடம் அதைச் சோதிக்கும் வசதி இல்லை. உப்பின் குளறுபடி மட்டுமே இறாலைக் கொன்றிருக்கலாம். ஆனாலும் தேயிலைக்கு நடுவே வாழும் நாம் தண்ணீரை, மாசை உறிஞ்சும் செயல்திறக் கரியில் ஓடவிட்டு எடுப்பது நல்லது. டவுன் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை முறிக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து பையில் வந்த மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு மணி நேரப் பயணத்தில் மீன் விடும் காபனீரொட்சைட்டு பைக்குள் சேர்ந்து பிஎச்சைக் குறைக்கும். அதனால் அமோனியா சேர்ந்தாலும் ஆபத்தில்லாத வடிவிலேயே கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அமோனியா நச்சாகும். தம்பி திறந்த பையை ஒன்றரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டிருக்கிறான். நீண்ட பயணம் செய்த மீனுக்கு, மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்ததும் அதிகம் தாமதிக்காமல் மாற்றுவதே மேல். அதற்குத் தொட்டியின் உப்பளவைக் கடைக்காரரின் அளவுக்கு முன்பே கொண்டுவந்திருக்க வேண்டும்.

அவன் செய்யத் தயாராக இருந்தது, எல்லாவற்றையும் கொட்டி, மணலைக் கொதிநீரில் அலசி, மறுபடி தொடங்குவது. நான் தடுத்தேன். வடிகட்டிப் பஞ்சிலும் மணலிலும் நான்கு நாளில் ஒட்டிய கொஞ்ச நஞ்ச நல்ல கூட்டமும் போய்விடும், அடுத்த மாதம் இதே பால் திரும்பி வரும். செத்தவற்றைத் தேடி எடுத்தோம், கல்லுக்குப் பின்னால் ஒரு நத்தை அழுகிக் கிடந்தது. சமையல் உப்புக் கரைத்த பழைய தண்ணீரை மூன்று தவணையில் முழுதும் மாற்றினோம், முழுக்கக் கடைக் கலவையில், 25 பாகைக்குச் சூடாக்கி. பஞ்சைக் குழாயில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தோம். குமிழி விடும் காற்றுக்கல்லை மேற்பரப்பு குலுங்கும்படி வைத்தோம். ஹீட்டர் இரவு பகலாக எரிகிறது, மூன்று பக்கமும் ரெஜிபோம் அட்டை ஒட்டியதால் அடிக்கடி அணைந்துகொள்கிறது. குளிர் அறையில் வெந்நீர்த் தொட்டி வேகமாக ஆவியாகும், ஆனால் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை உப்பில்லாத தண்ணீரால் நிரப்புகிறான்.

மீன் இல்லாத தொட்டியில் நல்ல கூட்டத்துக்கு உணவு வேண்டுமே, சந்தையில் வாங்கிய ஓர் இறால் துண்டை வலையில் கட்டித் தொங்கவிட்டோம். கலங்கல் ஒரு வாரத்தில் தானாகவே தெளிந்தது. அமோனியா ஏறி, மூன்றாவது வாரத்தில் இறங்கத் தொடங்கியது. அப்புறம் நைத்திரைற்று ஏறியது. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைட் அதைச் செவுளுக்குள் எளிதில் நுழையவிடாது என்பதால் அதற்காக நாங்கள் அவ்வளவு பயப்படவில்லை.

போன வாரம் ஏழாவது வாரம். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகி ஐந்து நாள் ஆகிவிட்டன. மணல்மேல் மண்ணிறப் படலம் ஒன்று படர்ந்திருக்கிறது, டயட்டம் பாசி. துடைக்கட்டுமா என்று தம்பி போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு நத்தைகள் வருகின்றன, அவற்றுக்கு முதல் சாப்பாடு அதுதான்.