பதங்கம்: பறந்ததும் படிந்ததும்

அண்ணன் மகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து நின்றாள். "சித்தப்பா, பதங்கமாதல் என்றால் பதத்துக்கு வருவதுதானே?"

தவறுதான், ஆனால் நல்ல தவறு. கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைக்குப் பதம் என்ற சொல் அடுப்படியிலேயே அறிமுகமாகிவிடுகிறது. அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும்போது பாகு பதத்துக்கு வந்துவிட்டதா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். வந்துவிட்டால் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக ஆறவிடுவார்கள். பொருளைச் சூடாக்கினால் நிலை மாறும் என்ற பாடத்தில் பதங்கம் என்று ஒரு சொல் எதிர்ப்பட்டால், அவள் மனம் வேறு எங்கே போகும்?

பதத்துக்கும் பதங்கத்துக்கும் உறவு கிடையாது. பாடநூல் தரும் பொருள் சுருக்கமானது. திண்மம் சூடானால் உருகி நீர்மமாகும். நீர்மம் சூடானால் ஆவியாகி வளிமமாகும். நடுவில் உள்ள படியை மிதிக்காமல் திண்மம் நேரே வளிமமாவது பதங்கமாதல். திடம், திரவம், வாயு என்று படித்த தலைமுறை குழம்ப வேண்டாம்; அதே மூன்றுதான் இவை.

சொல்லின் வேர் வடமொழி. 'பத்' என்ற வினையடிக்குப் பறத்தல் என்றும் பொருள், விழுதல் என்றும் பொருள். அதிலிருந்து வந்த பதங்கம், பறப்பதைக் குறிக்கும்: பறவை, விட்டில் பூச்சி, வானில் செல்லும் சூரியன். இந்திக்காரர்கள் காற்றாடியை 'பதங்க்' என்பதும் இதே சொல்தான். அடுப்பில் வைத்த பொருள் மேலே பறந்துபோவதால் அதற்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மாவட்டத்தில் இதற்கு ஒரு பக்கத்துணையும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். விளவங்கோடு பக்கத்தில் மலையாள வழியில் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பாடத்தில் இதற்குப் பெயர் 'உத்பதனம்', அதாவது மேல்நோக்கிப் பறத்தல். இந்தியில் 'ஊர்த்வபாதன்'. வேர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆனால் மற்ற இரண்டும் மேலே போகும் செயலைச் சொல்கின்றன. தமிழ்ச் சொல் செயலைச் சொல்லவில்லை. மேலே போய்ப் படிந்து கையில் கிடைக்கும் பொருளைச் சொல்கிறது. 'ஆதல்' என்ற ஒட்டை வேதியியல் பிறகு சேர்த்துக்கொண்டது.

அந்தப் பொருளை முதலில் கையில் எடுத்தவர்கள் சித்த வைத்தியர்கள். சித்த மருத்துவத்தில் அகமருந்து 32 வகை. சூரணம், இளகம், பற்பம், செந்தூரம் போன்றவை எல்லாருக்கும் தெரியும். அதே வரிசையில் தீநீர், உருக்கு, பதங்கம் என்றும் மூன்று இருக்கின்றன. ஆவியாக்கிக் குளிரவைத்து இறக்குவது தீநீர்; ஓமத் தீநீர் குடிக்காத பிள்ளை எங்கள் தலைமுறையில் குறைவு. உருக்கி எடுப்பது உருக்கு. மேலே ஏற்றிப் படியவைத்து எடுப்பது பதங்கம். பாடநூல் பல பக்கங்களில் சொல்லும் நிலைமாற்றங்கள் ஒரு மருந்துப் பட்டியலுக்குள் பெயர்களாக உட்கார்ந்திருக்கின்றன. மருந்துவாழ் மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை வந்தால் மன்னித்துவிடுங்கள்.

சாம்பிராணிப் பதங்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மண்சட்டியில் சாம்பிராணியைப் போட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்ப்பார்கள். இரண்டு வாயும் சேரும் இடத்தில் மண் தோய்த்த துணியைச் சுற்றி அடைப்பார்கள். அதற்குச் சீலைமண் என்று பெயர். கீழே விளக்குச் சுடர் அளவுக்குத்தான் தீ. தீயின் அளவுக்கும் பெயர் வைத்தவர்கள் அவர்கள்: தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் சாம்பிராணி கருகும். பொறுத்திருந்து ஆறியபின் பிரித்தால், மேல்சட்டியின் உட்புறத்தில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். வேதியியல் அதைப் பென்சாயிக் அமிலம் என்கிறது. வைத்தியர்கள் அதைச் சாம்பிராணிப் பூ என்றும் சொல்வார்கள். வீரம், பூரம் என்ற பாதரசச் சரக்குகளும் இந்த முறையில் செய்யப்பட்டவைதான். அவை நஞ்சு, வீட்டுச் சட்டியில் முயல வேண்டியவை அல்ல.

இப்போது கருப்பட்டி அடுப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே மேலே போகும் நீராவி யாருக்கும் வேண்டாம். கீழே நிற்பதுதான் கருப்பட்டி. சுவாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களிலும் அதே கதை: வெயில் தண்ணீரைக் கொண்டுபோகிறது, உப்பு பாத்தியில் நிற்கிறது. பதங்கம் இதற்கு நேர்மாறு. கீழே நின்றது கசடு, மேலே போனதுதான் மருந்து. மகளுக்கு இதைச் சொன்னதும் பதமும் பதங்கமும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன.

கற்பூரத்துக்கு வருவோம், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், பாதிப்பேர் தவறாகவும் சொல்வார்கள். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் தட்டில் எரிகிற கற்பூரம் பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டு அல்ல. எரிவது வேதிமாற்றம், எரிந்தபின் அதைத் திரும்பக் கற்பூரமாக்க முடியாது. பதங்கமாவது பூஜை அலமாரியில், தீக்குச்சியே இல்லாமல், டப்பாவுக்குள் இளைத்துக்கொண்டே போகும் கற்பூரம். அது உருக வேண்டுமென்றால் சுமார் 175 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தளர்வாகவே பிடித்திருப்பதால், மேற்பரப்பில் இருப்பவை அறை வெப்பத்திலேயே பிடியை விட்டுப் போகின்றன. சூடு கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான். அம்மா டப்பாவுக்குள் நாலு நல்லமிளகு போட்டுவைப்பார், இல்லாவிட்டால் கற்பூரம் பறந்துவிடும் என்பார். காத்தது மிளகா, இறுக்கமான மூடியா என்று கேட்டால் நான் மூடியின் பக்கம். ஆனால் 'பறந்துவிடும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வடமொழி ஒரு எழுத்தும் படிக்காத அம்மா பதங்கத்தை வேர்வரை மொழிபெயர்த்துவிட்டார்.

துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் இப்படியே சிறுத்துக் காணாமல் போகும். அந்து என்றால் துணி தின்னும் சிறு பூச்சி. பதங்கம் என்றால் விட்டில். பூச்சியை விரட்டப் போட்ட உருண்டை தானே பதங்கமாகிப் பறக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் ரசித்தேன்.

பாடநூல்களில் தவறாமல் வரும் நவச்சாரத்தில், அதாவது அம்மோனியம் குளோரைடில், ஒரு சிக்கல் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவர் சூடான பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தூவியதும் வெள்ளைப் புகை எழுமே, அதுதான். கண்ணுக்குப் பதங்கமாதல் போலவே தெரியும். உண்மையில் அது சூட்டில் அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்று இரண்டாகப் பிரிந்து, மேலே குளிர்ந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறது. கறாராகப் பார்த்தால் இது வேறு கணக்கு.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்வது? பதங்கமாதலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் குழுவும் மேசையில் உட்கார்ந்து உருவாக்கிய சொல் அல்ல அது. மருந்துச் சட்டியில் புழங்கி வந்த சொல். ஆனால் பாடத்தில் அதன் பாதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறோம். திண்மம் வளிமமாவது பதங்கமாதல், வளிமம் திண்மமாவது படிதல் என்று இரண்டாக வெட்டிவிட்டோம். சட்டியைப் பிரித்து எடுத்த வைத்தியருக்கு இரண்டும் சேர்ந்ததுதான் பதங்கம். தமிழில் பிரித்துச் சொல்ல விரும்பினால், போவதற்குப் பறத்தலும் படிவதற்குப் பூத்தலும் போதும். சுவரில் உப்புப் பூக்கிறது, கங்கின் மேல் சாம்பல் பூக்கிறது, மேல்சட்டியில் சாம்பிராணி பூக்கிறது. கந்தகத்தை இப்படி எடுத்த ஐரோப்பியர்களும் அதைக் கந்தகப் பூ என்றுதான் அழைத்தார்கள்.

மகளுக்கு இன்னும் ஒரு சந்தேகம். "தண்ணீரும் பதங்கமாகுமா? ஐஸ் உருகத்தானே செய்யும்?" தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தில் மீன்மேல் கொட்டும் ஐஸ் உருகத்தான் செய்யும். கார்பன் டை ஆக்சைடை உறையவைத்த உலர்பனி மட்டும் சாதாரணக் காற்றழுத்தத்தில் உருகாமல், மைனஸ் 78.5 டிகிரியில் நேரே வளிமமாகும். இதைச் சொல்லி முடித்துவிடலாம் என்று எழுந்தவன், பிரிட்ஜின் உறைபெட்டியைத் திறந்தேன். போன மாதம் வாங்கி, டப்பாவில் போட்டு மறந்துபோன நெய்மீன் துண்டுகள். விளிம்பெல்லாம் வெளுத்து, நார் நாராகக் காய்ந்திருந்தன; ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உருகி வழிந்த தடம் இல்லை. டப்பா மூடியைத் திருப்பிக் காட்டினேன். உட்புறம் முழுவதும் வெள்ளை வெளேரென்று பனி, ஊசி ஊசியாக.

"மேல்சட்டி" என்றாள்.