எரிவாயுக் கணக்கில் ஒளிந்திருக்கும் நீர்

இலங்கையின் கெரவலப்பிட்டியவில் இயற்கை வாயுவால் இயங்கக்கூடியவாறு கட்டப்பட்ட 350 மெகாவாற்று மின்நிலையம் பற்றிய செய்திகளில் எரிபொருளின் விலை ‘எம்.எம்.பி.டி.யு. ஒன்றுக்கு இத்தனை டொலர்’ என்றே சொல்லப்படுகிறது. வீட்டிலுள்ள 12.5 கிலோ காஸ் சிலிண்டரோடு இதை எவ்வாறு ஒப்பிடுவது என்று வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெருக்கல் எளிது. ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை பரனைற்று சூடாக்கத் தேவையான வெப்பமே ஒரு பி.டி.யு.; அது ஏறத்தாழ 1,055 யூல். எம்.எம். என்பது பத்து இலட்சத்தைக் குறிப்பதால், மொத்தம் 1,055 மெகா யூல், அதாவது மின்பட்டியலில் நாம் காணும் அலகில் 293. சமையல் எரிவாயு கிலோவுக்கு ஏறத்தாழ 50 மெகா யூல் தருவதால் ஒரு சிலிண்டரில் 625 மெகா யூல் இருக்கிறது. ஆகவே ஓர் எம்.எம்.பி.டி.யு. ஏறக்குறைய 1.7 சிலிண்டருக்குச் சமம். சிலிண்டரில் கலந்துள்ள புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரு வாயுக்களின் விகிதம் மாறினாலும் கிலோவுக்கான வெப்பம் பெரிதாக மாறாது என்பதால் இங்கு நிறையால் அளப்பது நியாயமானதே. இயற்கை வாயுவைக் கன மீற்றரில் சொல்பவர்கள் மட்டும் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே அமுக்கத்தில் 0 பாகை செல்சியஸில் அளந்த ஒரு கன மீற்றர், 15 பாகையில் 5.5 வீதம் பெருத்துவிடும்.

ஆனால் 50 மெகா யூல் என்ற அந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை அடுப்பில் வைத்தவுடன் அதன் வெளிப்புறத்தில் மெல்லிய ஈரம் படர்ந்து, சில நொடிகளில் மறைவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அது பாத்திரத்திலிருந்து கசிந்த நீரன்று; சுவாலையிலேயே பிறந்த நீர். எரிவாயுவின் ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒட்சிசனின் நிறையும் சேர்வதால், 12.5 கிலோ எரிவாயு முழுவதும் எரியும்போது ஏறத்தாழ 20 கிலோ நீர் உருவாகிறது! அந்த நீர் முழுவதும் ஆவியாகவே வெளியேறினால், கிலோவுக்கு 2.4 மெகா யூல் வீதம் மறைவெப்பத்தையும் (நீர் ஆவிநிலையில் இருப்பதற்காக உள்வாங்கிய வெப்பத்தையும்) கொண்டு போய்விடும். சிலிண்டருக்கு ஏறத்தாழ 50 மெகா யூல் இவ்வாறு கைநழுவுகிறது. ஆவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் மீட்டதாகக் கணக்கிட்டால் கிடைப்பது மொத்த வெப்பப் பெறுமானம். மீட்காமல் கணக்கிட்டால் தேறிய வெப்பப் பெறுமானம். நமது சிலிண்டருக்கு 625, 575 என்ற இரண்டு எண்களும் சரியானவையே.

இயற்கை வாயுவின் முக்கிய கூறான மெதேனில் ஐதரசனின் பங்கு இன்னும் அதிகம் என்பதால் இடைவெளியும் அதிகம்: கிலோவுக்கு மொத்தம் 55.5 மெகா யூல், தேறியது 50. நிலக்கரியில் ஐதரசன் குறைவு; அதனால் அங்கு இடைவெளியும் சிறியது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. இயற்கை வாயு பொதுவாக மொத்தப் பெறுமானத்தில் விற்கப்படுகிறது. மின்பிறப்பாக்கியைச் சுழற்றும் வாயுச்சுழலியின் தயாரிப்பாளர்களோ தமது இயந்திரத்தின் வினைத்திறனை, அதாவது எரிபொருளின் வெப்பத்தில் மின்சாரமாக மாறும் பங்கை, தேறிய பெறுமானத்தில் அறிவிக்கிறார்கள். எம்.எம்.பி.டி.யு. ஒன்றின் விலை 12 டொலர், வினைத்திறன் 55 வீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் அப்படியே சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் அலகு மின்சாரத்துக்கான எரிபொருள் செலவு 7.4 அமெரிக்க சதம் என்று வரும். இரண்டையும் ஒரே வெப்பப் பெறுமானத்தின் அடிப்படைக்குக் கொண்டுவந்தால் அது 8.3 சதம். இது ஓர் அலகுக்கு மட்டுமே ஆன வித்தியாசம். பல ஆண்டுகளுக்கு நாட்டைக் கட்டுப்படுத்தும் கொள்வனவு ஒப்பந்தங்களிலும் அவை பற்றிய பகிரங்க அறிவித்தல்களிலும் ‘மொத்தம்’ அல்லது ‘தேறிய’ என்ற சொல் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில், மும்மொழிகளிலும், கட்டாயம் அச்சிடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.