கட்டி கரைந்த பிறகும் ஏன் கரண்ட்?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. மலைப்பாதை அடைபட்டால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சுற்றுலாவும் காய்கறி வண்டியும்தான். எனக்கு வந்த கவலை வேறு. நாகலூரிலிருந்தோ வாழவந்தியிலிருந்தோ தினமும் சேலத்துக்கு இறங்கி, தொண்டைப் புற்றுக்கோ நாக்குப் புற்றுக்கோ கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்துக்கொண்டு, திரும்பவும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு போகிற ஒருவருக்கு அப்படி மூன்று நான்கு நாள் விட்டுப்போனால் உடம்புக்குள் என்ன நடக்கும்?

மழை மட்டும் காரணமில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, ஊரில் ஒரு கல்யாணம், தறி ஓட்டாவிட்டால் அந்த வாரக் கூலி இல்லை, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் அவசர ஆர்டர் என்று காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், நோயாளிக்கே கட்டி கையில் தட்டுப்படாமல் போவது. “கட்டிதான் கரைஞ்சு போச்சேங்க, இன்னும் எதுக்குங்க கரண்ட்டு?” நியாயமான கேள்வி. பதில் செல்லுக்குள் இருக்கிறது.

கரண்ட் என்று நாம் சொன்னாலும் உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லினியர் ஆக்சிலரேட்டர் என்கிற இயந்திரத்துக்குள் எலக்ட்ரான்களை நுண்ணலைகள் ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு விரட்டுகின்றன. அவை ஒரு டங்ஸ்டன் தகட்டில் மோதி நிற்கும்போது, எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு வீரியமான எக்ஸ்ரே கிளம்புகிறது. அது எவ்வளவு பாய்ந்தது என்பதைக் கிரே என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் ஒரு கிரே.

இந்த ஆற்றல் அளவில் மிகச் சிறியது. உடல் முழுக்க ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு மருத்துவ உதவியும் இல்லாமல் போனால், அப்படிப் பட்டவர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அவ்வளவு ஆற்றலையும் கூட்டிப் பார்த்தால் ஏற்காட்டுக் காப்பியில் ஒரு சின்ன மடக்கு தரும் சூடுதான். ஆகவே கதிர் செல்லைச் சுட்டுக் கொல்வதாக நினைப்பது தவறு. அது வேலை செய்கிற இடம் டி.என்.ஏ.

செல்லில் பெரும்பகுதி தண்ணீர். கதிர் பாயும்போது தண்ணீர் மூலக்கூறு உடைந்து ஹைட்ராக்சில் என்ற துடிப்பான துணுக்கு பிறக்கிறது. அதன் ஆயுள் நானோ நொடிக் கணக்கு. அதற்குள் பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் அதைப் பதம் பார்த்துவிடும். எக்ஸ்ரே செய்யும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த வழியில்தான் நடக்கிறது. ஒரு நாளைக்குக் கொடுக்கும் 2 கிரேயில் ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.விலும் ஓர் இழை மட்டும் அறுபடும் இடங்கள் 2000 அளவுக்கு இருக்கும். அவற்றைச் செல் எளிதாகச் சரிசெய்துவிடும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுபடுவது 70, 80 இடங்களில். உயிருக்கு உலை வைப்பது அதுதான். அதையும் பெரும்பாலும் சில மணி நேரத்தில் ஒட்டவைக்கச் செல்லுக்குத் தெரியும். ஒட்டவைத்ததில் பிழை இருந்தால், அடுத்த முறை இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம் குளறுபடியாகி செல் மடிகிறது. கரண்ட் வைத்த அன்றே கட்டி சுருங்காததற்குக் காரணம் இதுவே. பிரியப் போகும்போதுதான் சாவு வருகிறது.

அப்படியானால் மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் என்ன? 1920களில் பாரிஸில் க்ளோத் ரெகோ என்ற மருத்துவ ஆய்வாளர் இதை ஆட்டுக்கடாக்களில் சோதித்தார். விதைப்பையில் ஒரே தடவையாகக் கதிர் பாய்ச்சினால், விந்து உற்பத்தி நிற்கும் அளவுக்குப் போவதற்குள் மேல்தோல் வெந்துபோயிற்று. அதையே சிறு சிறு பங்காகப் பல நாளுக்குப் பிரித்தபோது விந்து உற்பத்தி நின்றது, தோல் தப்பித்தது. விடாமல் பிரிந்துகொண்டே இருக்கும் விந்துச் செல்களின் இடத்தில் புற்றுச் செல்களை வைத்துப் பார்த்தார்கள். அங்கேயே ஆன்றி கூத்தார் என்ற மருத்துவர் இதே முறையைத் தொண்டைப் புற்றில் கையாண்டு, அதுவரை கைவிடப்பட்ட நோயாளிகள் சிலரைக் குணமாக்கினார். ஒரு தடவை கரண்ட் வைப்பதை ஒரு சிட்டிங் என்பார்கள். இன்று சேலத்தில் ஒருவர் வாரத்துக்கு ஐந்தாக ஏழு வாரம் வாங்கிக்கொள்ளும் 35 சிட்டிங்குக்கு வேர் அங்கே இருக்கிறது.

சிறு பங்காகக் கொடுக்கும்போது நல்ல திசுவுக்கு இரண்டு சிட்டிங்குக்கு இடையே பழுது பார்க்க நேரம் கிடைக்கிறது. முக்கியமாகத் தண்டுவடம், நரம்பு, எலும்பு போன்ற மெதுவான திசுக்கள் சிறு பங்கை நன்றாகத் தாங்கும், ஒரேயடியாகப் பெரிய பங்கைத் தாங்காது. புற்றுச் செல்லும் பழுது பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் அவ்வளவு சரியாகச் செய்வதில்லை.

இனி கணக்கு. கட்டுரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கலாம். 2 கிரே சிட்டிங் ஒன்று அவற்றில் ஏறத்தாழ பாதியைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல கட்டிகளுக்கு இது உண்மைக்கு அருகில் வரும் எண். அடுத்த சிட்டிங் மிச்சத்தில் பாதியைக் கொல்லும். 10 சிட்டிங் முடிந்தால் 100 கோடி சுமார் 10 லட்சமாகும். 20 முடிந்தால் சுமார் ஆயிரம். 30 முடிந்தால் ஒன்று. 35 முடிந்தால், இப்படிப்பட்ட 100 நோயாளிகளில் 3 பேரிடம் மட்டும் ஒரு செல் மிச்சமிருக்கும்.

20ஆவது சிட்டிங்கில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். செத்த செல்களை உடல் அகற்றிவிட்டதால் கட்டி கையில் தட்டுப்படாது. ஸ்கேனிலும் ஆயிரம் செல் தெரியாது. அவரைப் பொறுத்தவரை நோய் போய்விட்டது. உண்மையில் பெருகத் தெரிந்த செல்கள் இன்னும் ஆயிரம் உள்ளே இருக்கின்றன. அந்த நோயாளியிடம் “பயப்படாம முழுசா முடிங்க” என்று சொன்னால் மட்டும் போதாது என்பது என் கருத்து. இந்தப் பாதி, பாதிக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்ட வேண்டும். நாலாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும். கடைசி இரண்டு சிட்டிங்கை மட்டும் விட்டால்கூட 3 பேர் என்பது 12 பேருக்கு அருகில் போய்விடுகிறது.

விட்டதைப் பிறகு வைத்துக்கொண்டால் ஆகாதா? இங்கேதான் நாட்கள் முக்கியமாகின்றன. கட்டியின் பெரும்பகுதி மடிந்த பிறகு, மிஞ்சிய செல்களுக்குப் பிராணவாயுவும் ஊட்டமும் தாராளமாகக் கிடைக்கிறது. அவை முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுகளில் சிகிச்சை தொடங்கி ஏறக்குறைய நாலாவது வாரத்திலிருந்து இது நடக்கிறது என்பதை 1988இல் ராட்னி விதர்ஸ் என்ற கதிர்வீச்சு ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு நாள் பெருக்கத்தை ஈடுகட்டவே சுமார் 0.6 கிரே தேவைப்படுகிறது. மூன்று நான்கு நாள் இடைவெளி விழுந்தால் ஒரு முழு சிட்டிங்கின் பலன் போயிற்று. மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டால், நோய் கட்டுப்படும் வாய்ப்பு 1 முதல் 1.4 சதவீதம் வரை குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு. கருப்பைவாய்ப் புற்றிலும் இதே கதை. அங்கே கதிரை வெளியிலிருந்து கொடுப்பது, கதிர் வரும் பொருளை உள்ளே வைத்துக் கொடுப்பது இரண்டையும் 8 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றும் விதி.

இந்த அறிவிலிருந்து பிறந்த முன்னேற்றம் ஒன்றுக்குப் புது இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுக்கு வாரத்துக்கு 5 சிட்டிங் என்பதை 6 ஆக்கிப் பார்த்தார்கள். அதே மொத்த அளவு, ஒரு வாரம் முன்னதாக முடிந்தது. 5 ஆண்டில் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள் 60 சதவீதத்திலிருந்து 70 ஆனார்கள். 2003இல் வெளியான முடிவு இது. சனிக்கிழமை ஒரு சிட்டிங் தந்த பலன் அவ்வளவு!

கதிரோடு மருந்தைச் சேர்ப்பது அடுத்த வழி. சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டின மருந்து டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, கதிர் அறுத்த இடத்தைச் செல் சரிசெய்ய விடாமல் தடுக்கிறது. கருப்பைவாய்ப் புற்றில் கதிரோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் இறப்பு அபாயம் 30 முதல் 50 சதவீதம் குறைகிறது என்று 1999இல் ஒரே சமயத்தில் 5 ஆய்வுகள் காட்டின. அன்றிலிருந்து அதுவே வழக்கம். 2024இல் வெளியான இன்டர்லேஸ் ஆய்வு, இதற்கு முன்பே 6 வாரம் வாராவாரம் கீமோ கொடுத்தால் 5 ஆண்டு உயிர் வாழ்வோர் 72இலிருந்து 80 சதவீதமாக உயர்வதைக் காட்டியது. இந்திய நோயாளிகளும் அதில் பங்கெடுத்தார்கள். அந்தக் கீமோவில் பயன்பட்ட இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வைப்பதில் வலிக்குப் பெரிய பங்கு உண்டு. வாயின் உட்சவ்வு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிற திசு. கதிர் பட்டதும் கீழிருந்து புதுச் செல் வருவது குறைகிறது, மேலிருப்பது வழக்கம்போல உதிர்கிறது. அதனால்தான் முதல் பத்து நாள் சாதாரணமாகச் சாப்பிட்டவருக்கு மூன்றாவது வாரத்தில் வாய் சிவந்து, வெள்ளை படர்ந்து, மோர் பட்டாலே எரிகிறது. காரம் ஆகாது. கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, அடித்த முட்டை, அதுவும் முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். எடை குறைவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் நாள் வெந்நீரில் நனைத்து இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி ஒரு மாஸ்க் செய்திருப்பார்கள். சில நிமிடத்தில் அது இறுகி முகத்தின் அச்சாகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டி, சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளை அதன் மேல் போட்ட குறிகளோடு பொருத்திய பிறகுதான் கதிர். கதிர் பாய்வது சில நிமிடம்தான். கன்னம் வற்றிவிட்டால் மாஸ்க் தளரும், தலை மில்லிமீட்டர் கணக்கில் நகரும், குறி தப்பும். நோயாளியைச் சாப்பிட வைப்பது குறி தப்பாமல் வைக்கும் வேலையும்கூட.

இந்தத் துன்பத்தைக் குறைத்ததில் ஐ.எம்.ஆர்.டி. என்ற நுட்பத்துக்குப் பெரும் பங்கு. கதிர் வரும் வழியில் மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் வரிசையாக நகர்ந்து, ஒவ்வொரு கோணத்திலும் கற்றையின் வடிவத்தை மாற்றுகின்றன. கட்டியின் மேல் அளவு கூடும், பக்கத்திலிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் மேல் குறையும். பிரிட்டனில் 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து வாய் வறட்சியால் சிரமப்பட்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38. சென்னைத் தரமணியில் 2019இல் தொடங்கிய புரோட்டான் சிகிச்சை இன்னும் ஒரு படி மேலே போகிறது. புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும், அதைத் தாண்டிப் போகாது. குழந்தைகளுக்கும் மூளையடிக் கட்டிகளுக்கும் அது பெரிய கொடை. நாக்குப் புற்று வந்த எல்லோரும் கடன் வாங்கி அங்கே ஓட வேண்டியதில்லை.

எல்லாப் புற்றுக்கும் ஏழு வாரம் வேண்டும் என்பதில்லை. மார்பகப் புற்றின் செல்கள் பெரிய பங்குக்கு நன்றாக மடிகின்றன. அங்கே 15 சிட்டிங்கை 5ஆகக் குறைத்து ஒரே வாரத்தில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று பிரிட்டனின் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் காட்டியது. மலையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு இது பத்து நாள் பயணம் மிச்சம். தகுதி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

செல் சிகிச்சையைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். நோயாளியின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை எடுத்து, புற்றை அடையாளம் காணும் மரபணுவை ஏற்றி, திரும்ப உடலில் விடும் கார்-டி முறை. ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. சில இரத்தப் புற்றுகளில் அது உயிர் காக்கிறது. வாய், கழுத்து, கருப்பைவாய்க் கட்டிகளுக்கு இன்னும் வரவில்லை. முற்றிய தலை, கழுத்துப் புற்றில் இன்றைக்கு நம் மக்களுக்கு அதைவிட நெருக்கமான செய்தி, டாடா நினைவு மருத்துவமனை செய்த இன்னொரு ஆய்வு. உடலின் நோய் எதிர்ப்பாற்றலைப் புற்றின் மேல் ஏவிவிடும் நிவோலுமாப் என்ற விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவாக, 20 மில்லிகிராம் மட்டும், மாத்திரை மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 ஆனார்கள்.

பீடி, சிகரெட் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதிர் உண்டாக்கும் சேதத்தை நிலைக்கச் செய்வது பிராணவாயு. அது இல்லாத இடத்தில் அதே பலனுக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிகிச்சை நடக்கும் வாரங்களிலும் புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. காலையில் பீடி குடித்துவிட்டு மேசையில் படுப்பவர், கட்டியைத் தானே காப்பாற்றிக் கொடுக்கிறார்.

ஆகவே திட்டம் சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். கதிர்வீச்சு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது, ஆனால் அட்டை, வருமானச் சான்று என்று அலைந்து முதல் வாரத்தைத் தொலைக்கக் கூடாது. மலையிலிருந்து வருபவர் மழைக்காலத்தில் சேலத்திலேயே உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்வது நல்லது, முக்கியமாக நாலாவது வாரத்துக்குப் பிறகு. பட்டறைக்காரரும் தறிக்காரரும் அந்த ஏழு வாரத்துக்கு ஆளை விட்டுக்கொடுக்க வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் தொடங்குவதற்கு முன்பே பிடுங்கி ஆற வைத்துவிட வேண்டும்.

அப்படியும் ஒரு நாள் தப்பிவிட்டால் மறைக்காமல் மறுநாளே சொல்லுங்கள். வேகமாகப் பெருகும் புற்றுகளில் மொத்தக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளக் கூடாது என்று பிரிட்டனின் கதிரியல் மருத்துவர் கல்லூரி வரையறுத்திருக்கிறது. விட்டதை ஈடுகட்ட வழிகள் உண்டு. சனிக்கிழமை ஒரு சிட்டிங் வைக்கலாம். அல்லது ஒரே நாளில் இரண்டு, நல்ல திசு பழுது பார்த்து முடிக்க இடையில் குறைந்தது 6 மணி நேரம் விட்டு: காலை 8 மணிக்கு ஒன்று, பிற்பகல் 2 மணிக்கு மேல் இன்னொன்று.